அவன் உயிர், அவன் முடிவு: இந்த வாதத்துக்கு வயசு என்ன?

1/
யாராவது உயிரை மாய்த்துக்கொண்ட செய்தி வரும்போதெல்லாம் ரெண்டு குரல் கேக்கும். ஒண்ணு: "கோழை. பெத்தவங்களை ஒரு நிமிஷம் நினைச்சானா?" இன்னொண்ணு: "அவன் உயிர், அவன் முடிவு. கேக்க நாம யாரு?"

முதல் குரலுக்குப் பதில் சொல்றது சுலபம். ரெண்டாவதுக்குத்தான் கொஞ்சம் வரலாறு தேவைப்படுது. நீளமான இழை. பொறுமையா படிங்க.

2/
படிக்கறவங்கள்ல யாராவது இப்போ அந்த மனநிலையில இருந்தா, இழையை அப்புறம் படிச்சுக்கலாம். 14416ஐக் கூப்பிடுங்க. டெலி மானஸ், அரசு சேவை, கட்டணம் கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

3/
முதல்ல ரெண்டு கேள்வியைப் பிரிச்சு வெச்சுக்குவோம்.

ஒன்று: சாக முயன்று பிழைத்தவரை அரசு தண்டிக்கலாமா?
இரண்டு: சாகத் துணிந்தவரை, அது அவர் உரிமை என்று நாம் விட்டுவிடலாமா?

முதல் கேள்விக்கு "கூடாது" என்று சொன்னால், இரண்டாவதுக்கு "விடலாம்" என்றுதானே ஆகும்னு பலர் நினைக்கறாங்க. ஆகாது. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற தூரத்தைத்தான் இந்த இழை முழுக்க நடக்கப் போறோம்.

4/
இங்கிலாந்துல இருந்து தொடங்கலாம். ஏன்னா நம்ம சட்டம் அங்க இருந்து கப்பல்ல வந்தது.

அங்கே பல நூற்றாண்டுகள் தற்கொலை என்பது கொலைக்குச் சமம். கொன்றவனும் செத்தவனும் ஒரே ஆள், அவ்வளவுதான் வித்தியாசம். செத்த ஆளைத் தூக்குல போட முடியாது. அதனால சொத்தை அரசர் எடுத்துக்குவார். மனைவி, பிள்ளைங்க நடுத்தெருவுக்கு வருவாங்க. உடலைக் கல்லறைத் தோட்டத்துக்குள்ள விட மாட்டாங்க. நாற்சந்தியில் புதைச்சு, மேல ஒரு கட்டையை அடிச்சு இறக்குவாங்க.

5/
இதுக்கு ஜனங்க என்ன பண்ணாங்க தெரியுமா? பொய் சொன்னாங்க.

மரண விசாரணையில் உட்கார்ந்த ஜூரிகள் எல்லாம் அதே ஊர்க்காரங்க. பக்கத்து வீட்டு விதவை பிச்சை எடுக்கறதைப் பாக்க அவங்களுக்கு மனசு வரலை. "புத்தி பேதலித்த நிலையில் செய்தது" என்று எழுதிட்டா சொத்து பறிபோகாது. 18ஆம் நூற்றாண்டு முடியும்போது கிட்டத்தட்ட எல்லாத் தீர்ப்பும் அப்படித்தான் வந்தது.

சட்டம் புத்தகத்துல இருந்தது. ஊர் அதை மதிக்கலை. இந்தப் பொய்யை ஞாபகம் வெச்சுக்கங்க, நம்ம ஊர் ஆஸ்பத்திரிக்கு வரும்போது மறுபடி சந்திப்போம்.

6/
அந்தச் சட்டம் கழன்ற வேகத்தைப் பாருங்க.

1823: நாற்சந்திப் புதைப்பு நின்றது. கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைத்தது. ஆனா இரவு 9 மணிக்கும் 12 மணிக்கும் இடையில், சடங்கு இல்லாமல்.
1870: சொத்துப் பறிமுதல் ஒழிந்தது.
1961: தற்கொலை குற்றம் என்பதே நீங்கியது.

முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் இடையில் 138 வருஷம். பிரான்ஸ் இதை 1791லேயே முடிச்சிருச்சு. புரட்சிக்குப் பின் எழுதின தண்டனைச் சட்டத்தில் தற்கொலையைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதலை, அவ்வளவுதான்.

7/
இதே காலத்துல தத்துவக்காரங்களும் சண்டை போட்டுட்டிருந்தாங்க.

டேவிட் ஹியூம் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, அச்சுக்கும் போன பிறகு, பயந்து நிறுத்திட்டார். 1776ல் அவர் இறந்தார். அடுத்த வருஷம்தான் அது வெளியே வந்தது. அவர் வாதம் சுருக்கமா: ஆற்றைத் திருப்பி விட்டால் கடவுளுக்குத் துரோகம் இல்லை என்றால், என் உயிரின் போக்கை நான் மாற்றுவது மட்டும் எப்படித் துரோகம்?

இம்மானுவேல் கான்ட் எதிர்ப்பக்கம். மனிதன் ஒரு பொருள் இல்லை. வலியிலிருந்து தப்பிக்க தன்னையே ஒரு கருவி மாதிரி பயன்படுத்தித் தூக்கி எறிய அவனுக்கே உரிமை இல்லை என்றார்.

8/
எனக்கு இந்த ரெண்டு பேரையும் விட ஜான் ஸ்டூவர்ட் மில் சொன்னதுதான் பயன்பட்டிருக்கு.

தனிமனித உரிமைன்னா இன்னைக்கும் எல்லாரும் தூக்கிக்கிட்டு வர்றது இவரைத்தான். 1859ல் வந்த 'சுதந்திரம்' பற்றிய நூலில் அவர் சொன்னது: ஒருத்தர் செயல் இன்னொருத்தருக்குக் கெடுதல் செய்யாத வரை, அவர் நன்மைக்காகவே என்றாலும் அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

"அவன் உயிர், அவன் முடிவு" என்பதன் தாத்தா இந்த வரிதான்.

9/
ஆனா அதே நூலில் அதே மில் ஒரு பாலத்தைப் பற்றிப் பேசறார். அதை யாரும் தூக்கிக்கிட்டு வர்றதில்லை.

ஒருத்தர் பாலத்தைக் கடக்கப் போறார். பாலம் இடியும் நிலையில் இருக்கு. அவருக்குத் தெரியாது. எச்சரிக்க நேரம் இல்லை. அப்போ அவரைப் பிடித்து இழுக்கலாமா? தாராளமா இழுக்கலாம், அது அவர் சுதந்திரத்தைப் பறிப்பது ஆகாது என்கிறார் மில். ஏன்னா சுதந்திரம் என்பது விரும்பியதைச் செய்வது. அவர் அக்கரைக்குப் போகத்தான் விரும்பினார், ஆற்றில் விழ இல்லை.

அப்போ கேள்வி இப்படி மாறுது: சாகத் துணிந்தவர் விரும்புவது சாவையா, அக்கரையையா?

10/
மில் 1823 முதல் 1858 வரை, 35 வருஷம், லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். இந்தியாவுக்குப் போகும் கடிதங்களை வரைவது அவர் வேலை.

அவர் நூல் வந்த அடுத்த வருஷம், 1860ல், இந்திய தண்டனைச் சட்டம் நிறைவேறியது. பிரிவு 309: தற்கொலைக்கு முயன்றால் ஒரு வருஷம் வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். சுதந்திரத்தைப் பற்றி லண்டனில் எழுதின நூல் லண்டனிலேயே இருந்துடுச்சு. நமக்கு வந்தது 309.

11/
இங்க நின்னு "சம்மதம்" என்ற சொல்லுக்கு நம்ம நாட்டுல இருக்கற ஒரு பழைய கதையைப் பாக்கணும்.

வங்காளத்தில் உடன்கட்டை. 1813ல் கம்பெனி அரசு ஒரு உத்தரவு போட்டது. கட்டாயப்படுத்தினால் குற்றம். பெண் தானா விரும்பி ஏறினால் தடுக்கக் கூடாது. போலீஸ்காரர் நேரில் போய்ப் பார்க்கணும். வயசு குறைவா, கர்ப்பமா, மயக்க மருந்து கொடுத்திருக்காங்களா, யாராவது மிரட்டறாங்களா என்று விசாரிக்கணும். எல்லாம் சரியா இருந்தா, அது "அவள் முடிவு".

12/
காகிதத்துல நியாயமா தெரியுதுல்ல?

வங்காள மாகாணக் கணக்கு: 1815ல் 378. 1818ல் 839.

பதிவு செய்வது கூடியதும் அப்போ பரவின காலராவும் இதுக்கு ஒரு காரணம்தான். ஆனா அரசு ஆள் வந்து நின்னு பாத்துட்டுப் போனதையே அரசு அனுமதியா ஊர் எடுத்துக்கிட்டதுன்னு அப்பவே எதிர்த்தவங்க சொன்னாங்க. புருஷன் போன பிறகு அவளுக்குச் சோறு இல்லை, மறுமணம் இல்லை, மரியாதை இல்லை. சுத்தி நிக்கற நூறு பேரும் "ஏறு"ன்னு பாக்கறாங்க. அவ "சரி"ன்னா அது சம்மதமா? 1829 டிசம்பர் 4ல் வங்காளத்தில் முழுத் தடை வந்தது. அடுத்த வருஷம் சென்னை மாகாணத்திலும் வந்தது.

வேற கதவு எதுவும் திறந்திருக்கான்னு பாக்காம ஒருத்தர் வாயில் வரும் "சரி"யை மட்டும் பதிவு பண்றது சம்மதம் ஆகாது.

13/
"அப்போ வடக்கிருத்தல்?" என்று யாராவது கண்டிப்பா கேப்பீங்க. சரியான கேள்வி.

கோப்பெருஞ்சோழன் மகன்களோடு ஏற்பட்ட பகையால் வடக்கிருந்ததும், பார்க்காமலே நட்பு கொண்ட பிசிராந்தையார் தேடி வந்து அவரோடு சேர்ந்ததும் புறநானூற்றில் இருக்கு. சமணர்களிடம் சல்லேகனை இருக்கு. 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் அதைக் குற்றம் என்றது, அதே மாதக் கடைசியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது.

மெதுவா, வெளிப்படையா, எல்லோர் முன்னாலும் பல நாள் நடப்பது இது. எந்த நாளிலும் எழுந்து வந்துவிட முடியும். இதன் சரி தப்பைத் தனியா விவாதிக்கலாம். ஆனா சண்டை போட்ட அரை மணி நேரத்தில் விஷம் குடிச்சு ராத்திரி 2 மணிக்கு வர்ற பையனை இதோடு சேர்த்துப் பேச முடியாது.

14/
இனி 309 நம்ம ஆஸ்பத்திரியில் எப்படி வாழ்ந்ததுன்னு பாப்போம்.

கேஷுவாலிட்டியில் வேலை பார்த்த எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வாங்க. கூட வந்தவங்க சொல்ற முதல் வாக்கியம் "தெரியாம குடிச்சுட்டாங்க சார்". தண்ணின்னு நினைச்சு, இருமல் மருந்துன்னு நினைச்சு, இருட்டுல பாட்டில் மாறி. ரெண்டாவது வாக்கியம், "எம்.எல்.சி போட்டுடாதீங்க டாக்டர், பொண்ணு வாழ்க்கை போயிடும்."

என்ன குடிச்சாங்க, எவ்வளவு, எப்போ? நாங்க கேக்கற இந்த மூணு கேள்விக்கும் பதில் பொய்யா வரும். இங்கிலாந்து ஜூரி சொன்ன அதே பொய், நம்ம ஊர் வராண்டாவில்.

15/
இதுல உயிருக்கே ஆபத்தான விஷயம் ஒண்ணு உண்டு. வழக்கு வரும்னு பயந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகாம, உள்ளூர்லயே உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வெச்சு நேரத்தை விடுவாங்க. (இதைச் செய்யாதீங்க. வாந்தி எடுக்க வைப்பது நுரையீரலுக்குள் போய் நிலைமையை இன்னும் மோசமாக்கும்.)

பிழைச்சு வந்தாலும், "விபத்து"ன்னு எழுதினவருக்கு மனநல மருத்துவர் எதுக்கு? நேரா டிஸ்சார்ஜ். ஒருமுறை முயன்றவருக்கு மறுபடி முயலும் ஆபத்து மற்றவர்களை விடப் பல மடங்கு அதிகம். பாதுகாக்க வேண்டிய நேரத்தில் சட்டம் அவரை ஒளிய வெச்சது.

16/
நீதிமன்றக் கதை. சுருக்கமா சொல்றேன்.

1971: சட்ட ஆணையத்தின் 42வது அறிக்கை 309ஐ நீக்கச் சொன்னது. 1978ல் மாநிலங்களவை அதற்கான மசோதாவை நிறைவேற்றியது. மக்களவை கலைஞ்சது, மசோதாவும் போச்சு.
1985: டெல்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ராஜிந்தர் சச்சார், இப்படி ஒரு பிரிவு மனித சமூகத்துக்கே அழகில்லை என்ற பொருளில் எழுதினார்.
1986: பம்பாய் உயர் நீதிமன்றம் பிரிவையே செல்லாது என்றது. அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் ஒரு போலீஸ் காவலர். சாலை விபத்தில் தலையில் அடிபட்டு, அதன் பிறகு மனநோய்க்கு ஆளானவர். அவருக்கு வேண்டியது மருத்துவர். கிடைத்தது எஃப்.ஐ.ஆர்.

17/
1994: பி. ரத்தினம் வழக்கு. உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு 309ஐ ரத்து செய்தது. ஏற்கனவே நொந்து போனவரை இன்னொரு முறை தண்டிக்கும் கொடூரம் என்றது. கூடவே இன்னொரு படி ஏறி, வாழும் உரிமைக்குள் வாழாமல் இருக்கும் உரிமையும் அடங்கும் என்ற அளவுக்குப் போனது.

நான் மேலே பிரிச்சு வெச்ச ரெண்டு கேள்வியும் இங்கதான் ஒண்ணா கலந்துச்சு. கலந்ததும் என்ன நடந்ததுன்னு பாருங்க.

18/
1996: கியான் கவுர் வழக்கு. ஐந்து நீதிபதிகள்.

மேல்முறையீடு செய்தவங்க யாரு? சாக விரும்பியவரா? இல்லை. மருமகளைத் தற்கொலைக்குத் தூண்டியதாகத் தண்டனை பெற்ற மாமியாரும் மாமனாரும்.

அவங்க தரப்பு வாதம் இது: சாவது ஓர் அடிப்படை உரிமை என்று 1994ல் நீங்களே சொல்லிட்டீங்க. அப்போ, அந்த உரிமையைப் பயன்படுத்த ஒருத்தருக்கு உதவுவது எப்படிக் குற்றமாகும்?

ஒரு நிமிஷம் இதை யோசிச்சுப் பாருங்க. "அவள் உயிர், அவள் முடிவு" என்ற வாதம், இறந்த மருமகளுக்காகப் பேசப்படலை. அவளைத் தள்ளியதாகத் தண்டனை பெற்றவங்களைக் காப்பாத்தப் பேசப்பட்டது.

19/
உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கலை. வாழும் உரிமைக்குள் சாகும் உரிமை அடங்காது என்றது. 1994 தீர்ப்பு போனது. அதோடு சேர்ந்து 309ம் உயிரோடு திரும்பி வந்தது.

தூண்டியவங்க தப்பிக்கக் கூடாது என்பது சரி. ஆனா அதுக்கான விலையை, பிழைச்சு வந்த ஒவ்வொரு நோயாளியும் இன்னும் 20 வருஷத்துக்கு மேல கட்டினாங்க. ரெண்டு கேள்வியையும் ஒண்ணா கட்டினதால வந்த வினை.

20/
309 யார் மேலெல்லாம் பாய்ந்தது என்பதற்கு இன்னொரு உதாரணம் இரோம் ஷர்மிளா.

மணிப்பூரில் ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டத்தை நீக்கக் கோரி 2000 நவம்பரில் உண்ணாவிரதம் தொடங்கினார். 2016 ஆகஸ்ட் வரை. 309ல் கைது, மூக்கில் குழாய் வழியே உணவு. அதிகபட்சத் தண்டனையே ஒரு வருஷம்தான், அதனால வருஷா வருஷம் விடுதலை, மறுபடி கைது. "நான் சாக விரும்பலை, இது போராட்டம்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

வாழ விரும்பிய ஒருத்தரை, சாக முயன்றதா சொல்லி 16 வருஷம் அடைச்சு வெச்சது இந்தப் பிரிவு.

21/
விடிவு மருத்துவப் பக்கம் இருந்து வந்தது.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 115. 2018 மே 29 முதல் அமல். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மாறாக நிரூபிக்கப்படாத வரை அவர் மேல் வழக்கு, தண்டனை கிடையாது. அதோடு, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை.

இதைக் கவனிங்க. "தண்டிக்கக் கூடாது" என்றும் சொல்லுது, "விட்டுவிடக் கூடாது" என்றும் சொல்லுது. முதல்முறையா ஒரு சட்டம் ரெண்டு கேள்விக்கும் தனித்தனியா பதில் எழுதியிருக்கு.

22/
2024 ஜூலை 1 முதல் அமலான பாரதிய நியாய சன்ஹிதாவில் 309 இல்லை. ஆனா பிரிவு 226 இருக்கு: அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தவோ, அவர் கடமையைத் தடுக்கவோ தற்கொலைக்கு முயன்றால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது சமூக சேவை. கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு கொடுத்துக் கொடுத்து ஓய்ந்து போய் வர்றவங்களை நினைச்சுக்கங்க. 309ன் வால் அங்கே இன்னும் ஆடுது.

மத்தபடி, பயப்பட வேண்டாம். ஆஸ்பத்திரியில் எம்.எல்.சி பதிவு இன்னமும் உண்டு, ஆனா முயன்றவரை ஜெயிலுக்கு அனுப்ப இல்லை. தயவுசெய்து டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்க.

23/
சரி, முதல் கேள்வி முடிஞ்சது. தண்டிக்கக் கூடாது.

இப்போ ரெண்டாவது. குற்றம் இல்லைன்னா அது சொந்த முடிவுதானே? விட்டுவிட வேண்டியதுதானே?

இதுக்குத் தத்துவம் பதில் சொல்லி முடிக்கலை. ஆனா மூணு ஊர்ல, யாரும் இந்தக் கேள்வியை மனசுல வெச்சுக்காம நடந்த மூணு விஷயம் பதில் சொல்லுது.

24/
முதல் ஊர், இங்கிலாந்து. வீட்டுச் சமையலுக்கு வந்த நிலக்கரி வாயு ஒரு காலத்தில் நச்சு. 1960 வாக்கில் அங்கே நடந்த தற்கொலைகளில் ஏறக்குறைய பாதி அதனால்தான். பிறகு, செலவு குறைவு என்பதால், நச்சு குறைந்த வாயுவுக்கும் பின்னர் கடலடி இயற்கை எரிவாயுவுக்கும் மாறினாங்க. தற்கொலையைத் தடுக்க இல்லை.

இங்கிலாந்து, வேல்ஸில் தற்கொலைகள் 1963ல் 5,714. 1975ல் 3,693.

உறுதியா சாக முடிவெடுத்தவங்கன்னா வேற வழி தேடியிருப்பாங்களே? பெரும்பாலானவங்க தேடலை. அந்த நேரம் கடந்துச்சு, வாழ்ந்தாங்க.

25/
இரண்டாவது, அமெரிக்கா. சான் பிரான்சிஸ்கோவின் பெரிய பாலத்தில் 1937 முதல் 1971 வரை தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேர் பிறகு என்ன ஆனாங்கன்னு ரிச்சர்ட் சைடன் என்ற ஆய்வாளர் தேடிப் போனார். 1978ல் வெளியிட்டார். சுமார் 94% பேர் உயிரோடு இருந்தாங்க, அல்லது இயற்கையா இறந்திருந்தாங்க.

மில் சொன்ன பாலம் உதாரணம். இது நிஜப் பாலம். இழுத்துப் பிடிக்கப்பட்டவங்க, அக்கரைக்குத்தான் போக விரும்பியிருக்காங்க.

26/
மூன்றாவது நமக்குப் பக்கம். இலங்கை. 1995ல் உலகிலேயே மிக அதிகமான தற்கொலை விகிதம் கொண்ட நாடுகளில் ஒன்று, லட்சத்துக்கு சுமார் 47. போர் நடந்த வடகிழக்கு மட்டும் இல்லை, தெற்கின் விவசாயக் கிராமங்களும்தான். பெரும்பாலும் வயலுக்கு வாங்கி வீட்டில் வெச்ச பூச்சிமருந்து.

1984ல் தொடங்கி, 1995லும் 1998லும், மிகக் கொடிய வகைகளை அரசு படிப்படியா தடை செய்தது. 2005ல் விகிதம் ஏறக்குறைய பாதி. 1986–95 காலத்தோடு ஒப்பிட்டா, 1996–2005ல் சுமார் 19,800 உயிர்கள் குறைவாகப் போயிருக்கு. விளைச்சல் அதனால் குறையலை.

27/
இதுல டாக்டர்கள் கவனிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. விஷம் குடிச்சு ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க எண்ணிக்கை குறையவே இல்லை. வந்தவங்க சாவதுதான் குறைஞ்சது.

போர், கடன், குடி, குடும்பச் சண்டை எல்லாம் அப்படியேதான் இருந்தது. கைக்கு எட்டின பாட்டிலுக்குள்ள இருந்தது மட்டும் மாறுச்சு. அதுலயே பிழைச்சாங்க. 1998ல் இலங்கை தற்கொலை முயற்சியைக் குற்றப் பட்டியலில் இருந்தும் நீக்கிடுச்சு. தண்டிக்கவும் இல்லை, விட்டுவிடவும் இல்லை. நமக்கு 20 வருஷம் முன்னாடி.

28/
கேஷுவாலிட்டியில் நாங்க பாக்கறதும் இதுதான். கண்ணு முழிச்சதும் பெரும்பாலானவங்க கேக்கறது "ஏன் காப்பாத்தினீங்க?" இல்லை. "நான் பொழச்சுக்குவேனா டாக்டர்?" என்பதுதான்.

அந்தக் கேள்வியைக் கேக்கறவரும், நாலு மணி நேரம் முன்னாடி பாட்டிலைத் திறந்தவரும் ஒரே ஆள். இதுல யாருடைய முடிவை நான் "அவர் முடிவு"ன்னு மதிக்கணும்? நான் ரெண்டாவது கேட்டதைத்தான் மதிப்பேன்.

29/
இப்போ வலுவான எதிர்வாதம். "தீராத நோயில் படுத்திருப்பவர்? அவர் அவசரத்தில் முடிவெடுக்கலையே?"

உண்மை. அதனாலதான் அதை வேற அறையில் வெச்சுப் பேசணும். அருணா ஷான்பாக் மும்பையில் ஒரு நர்ஸ். 1973ல் நடந்த தாக்குதலுக்குப் பிறகு 2015ல் இறக்கும் வரை 42 வருஷம் நினைவின்றிப் படுத்திருந்தார். அவர் பெயரால் வந்த 2011 தீர்ப்பும், 2018 மார்ச் 9 காமன் காஸ் தீர்ப்பும் சொன்னது: மீளவே முடியாத நிலையில், உயிரை இழுத்துப் பிடிக்கும் கருவிகளை வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு. முன்கூட்டியே எழுதியும் வைக்கலாம். 2023ல் அந்த நடைமுறையை எளிதாக்கினாங்க. நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் கையெழுத்து போதும், பிறகு இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்க்கும்.

30/
இது தற்கொலை இல்லை. நோய் தன் வழியில் போவதைத் தடுக்காமல் இருப்பது. நான் இதை முழுசா ஆதரிக்கிறேன். ஐசியுவில் வென்டிலேட்டரில் வீட்டை விற்றுப் படுத்திருக்கும் 85 வயசுப் பெரியவருக்கு "போதும்" என்று சொல்ல உரிமை வேணும்.

இன்னும் ஒரு படி மேலே போய், 2002 முதல் சட்டப்படி கருணைக்கொலையை அனுமதிக்கும் நெதர்லாந்தில் கூட, கேட்டவுடன் கிடைக்காது. யோசித்துக் கேட்டதா, வேறு வழி இல்லையா, துன்பம் தாங்க முடியாததா என்று பார்க்கணும். தொடர்பில்லாத இன்னொரு டாக்டரும் பார்க்கணும். தனிமனித உரிமையை அவ்வளவு தூரம் கொண்டு போன நாடும் அந்த ரெண்டு விஷயத்தைச் சோதிக்குது: ஆசை நிலைச்சு நிக்குதா? வேற கதவு இருக்கா?

31/
இந்த ரெண்டு சோதனையையும் நம்ம ஊர்க் கணக்குல போட்டுப் பாருங்க.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ல் இந்தியாவில் 1,70,924 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 19,834. நாட்டில் இரண்டாம் இடம். காரணங்களில் முதலிடம் குடும்பப் பிரச்சனை, 31.7%. அடுத்தது நோய், 18.4%.

குடிகாரப் புருஷன், கந்துவட்டி, வயித்துவலி, சாதி பார்த்துப் பிரிச்ச காதல், பரிட்சை. இதுல எத்தனை பேருக்கு வேற கதவு காட்டப்பட்டது?

32/
தமிழ்ல "தேர்வு"ன்னா பரிட்சைக்கும் அதே சொல், தெரிவு செய்வதற்கும் அதே சொல்.

முன்னே பிளஸ் டூவில் ஒரு பாடத்தில் கோட்டை விட்டா ஒரு வருஷம் போச்சு. இப்போ உடனடித் துணைத்தேர்வு எழுதி அதே வருஷம் காலேஜ் சேரலாம். அந்தப் பிள்ளைக்கு நாம அறிவுரை சொல்லலை, தைரியம் ஊட்டலை. ஒரு கதவைத் திறந்தோம். அதுக்கப்புறம் அவன் எடுக்கறதுக்குப் பேருதான் தெரிவு.

33/
அதனால என் பதில் இது.

சாக முயன்றவர் குற்றவாளி இல்லை. கோழையும் இல்லை. அதே நேரம், "அவர் முடிவு" என்று தோளைக் குலுக்கிட்டுப் போவது மரியாதையும் இல்லை. 1813ல் உடன்கட்டையைப் பதிவு பண்ண வந்து நின்ன போலீஸ்காரர் செஞ்சது அதுதான்.

ஒருத்தரின் முடிவை மதிக்கணும்னா, முதல்ல அவர் முடிவெடுக்கற அளவுக்கு அவருக்கு நேரமும், வலி குறையவும், வேற வழியும் கிடைக்கணும். அதுவரை இழுத்துப் பிடிக்கறது அவர் சுதந்திரத்துக்கு எதிரானது இல்லை.

34/
நடைமுறையில் நாலு விஷயம்.

சந்தேகமா இருந்தா நேரடியா கேளுங்க: "செத்துடலாம்னு தோணுதா?" கேக்கறதால எண்ணம் வந்துடாது. கேட்டாலே பாதிப் பாரம் இறங்கும்.
வயலுக்கு வாங்கின மருந்தை வீட்டில் வைக்காதீங்க. வைக்கணும்னா பூட்டி, சாவி வேற ஆள்கிட்ட.
அந்த ஒரு ராத்திரி தனியா விடாதீங்க. விவாதம் வேண்டாம், கூட இருந்தா போதும்.
பிழைச்சு வந்தவரை மனநல மருத்துவரிடம் காட்டாம வீட்டுக்குக் கூட்டிப் போகாதீங்க. அது இப்போ அவங்க சட்டபூர்வ உரிமை.

35/
டெலி மானஸ் 14416. தமிழக அரசின் 104. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா: 044 24640050.

இந்த எண்களை உங்களுக்குன்னு இல்லை, உங்க போன்ல இருக்கற யாருக்காவது தேவைப்படலாம்னு சேமிச்சு வைங்க. கேள்விகள் இருந்தா கீழே கேளுங்க. டூட்டி முடிச்சுட்டு வந்து பதில் சொல்றேன்.